அயலார் எழுத்தில் ரமணாசிரம வாழ்வு: மௌனமும் தமிழும்

முன்னுரை

ஆன்மிக நாட்டத்தால் தம் நாட்டை விட்டு நீங்கி, அயல்நாட்டுத் துறவிடம் ஒன்றில் தங்கி, குரு ஒருவரிடம் பயின்றோர் எழுதிய நூல்கள் இருபதாம் நூற்றாண்டில் ஒரு தனி இலக்கிய வகையாக வளர்ந்துள்ளன. இவ்வகை நூல்களில் திருவண்ணாமலை ரமணாசிரமத்தை மையமாகக் கொண்டவை அளவாலும் செல்வாக்காலும் குறிப்பிடத்தக்கன. இவற்றைச் சமயவியலாரும் மெய்யியலாரும் ஆராய்ந்துள்ளனர். எனினும், இந்நூல்கள் சுட்டும் குரு தமிழில் பேசியவர், தமிழில் பாடியவர், தமிழ்ச் சைவ மரபின் நூல்களைப் பயின்றவர். ஆகவே, தமிழ்நாட்டில் தமிழ் பேசிய குருவிடம் பயின்ற அயலார் தமிழை எவ்வாறு எதிர்கொண்டனர் என்னும் வினா தமிழாய்வுக்கு உரியதாகிறது. அவ்வினாவை முன்வைத்து இந்நூல்களை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வருகை நூல்களும் வாழ்வு நூல்களும்

ரமணரைச் சந்தித்து எழுதிய மேலைநாட்டாருள் முதல்வராகக் கருதப்படுபவர் காவல்துறை அலுவலர் பிராங்க் ஹம்ப்ரீஸ் ஆவார். அவர் 1911இல் விரூபாட்சிக் குகையில் ரமணரைக் கண்டார். அவர்தம் குறிப்புகள் இங்கிலாந்தில் ஓர் இதழில் வெளியாயின. அதன்பின் எழுந்த நூல்களை எழுதியோர் தங்கிய கால அளவைக் கொண்டு இரு வகையாகப் பிரிக்கலாம். சில நாளோ சில வாரமோ தங்கிச் சென்றோர் எழுதியவை வருகை நூல்கள். பல்லாண்டு அங்கேயே குடியிருந்தோர் எழுதியவை வாழ்வு நூல்கள்.

முதல் வகைக்குப் பால் பிரண்டனின் ‘எ சர்ச் இன் சீக்ரெட் இந்தியா’ (1934) தலைசிறந்த சான்றாகும். மேஜர் ஆலன் சாட்விக்கின் ‘எ சாதூஸ் ரெமினிசென்சஸ்’, எஸ்.எஸ். கோஹனின் ‘குரு ரமணா’, ஆர்தர் ஆஸ்பார்னின் ‘ரமண மஹர்ஷி அண்ட் த பாத் ஆஃப் செல்ஃப் நாலெட்ஜ்’ (1954) ஆகியன இரண்டாம் வகையின. இவ்விரு வகைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு காலத்தின் வேறுபாடு மட்டுமன்று. எதைக் காண்பது, எதை எழுதுவது என்பதன் வேறுபாடுமாகும்.

பிரண்டன் படைத்த கானகம்

இலண்டனில் இதழாளராயிருந்த பிரண்டன் 1930-31ஆம் ஆண்டுகளில் இந்தியாவில் யோகியரைத் தேடிப் பயணம் செய்தார். எழுத்தாளர் கா.சி. வேங்கடரமணி அவரைக் காஞ்சி சங்கராசாரியரிடம் அழைத்துச் சென்றார். சங்கராசாரியர் திருவண்ணாமலைக்கு ஆற்றுப்படுத்தினார். புலவனை வள்ளலிடமும், அடியவனை முருகனிடமும் ஆற்றுப்படுத்தும் மரபை நன்கறிந்த தமிழ் வாசகர்க்கு இந்நிகழ்ச்சி அமைப்பு புதிதன்று. ஒருவர் சுட்ட, மற்றொருவர் சென்று, பெறுதற்கரியதைப் பெறுவதே பிரண்டன் நூலின் கட்டமைப்பு.

பிரண்டன் ரமணரின் இருப்பிடத்தைக் கானகத் துறவிடமாகச் சித்திரிக்கிறார். அங்கே குரு கட்டிலில் அமர்ந்திருக்கிறார்; எங்கோ நோக்கியிருக்கிறார்; வந்தவர் பலர் முன்னிலையில் நெடுநேரம் அமைதி நிலவுகிறது. கேட்கக் கருதியிருந்த கேள்விகள் ஒவ்வொன்றாக உதிர்ந்துபோவதைப் பிரண்டன் விவரிக்கும் பகுதி அந்நூலின் உச்சமாகும். வாசகர் பலரைத் திருவண்ணாமலை நோக்கி ஈர்த்ததும் அப்பகுதியே. அதன் இலக்கிய ஆற்றலை மறுத்தற்கில்லை.

ஆயினும், அந்நூல் காட்டாது விட்ட ஒன்றுண்டு. பிரண்டன் அக்கூடத்தில் அமர்ந்திருந்த காலத்தில் ‘உபதேச உந்தியார்’ பாடப்பெற்று ஏறத்தாழ நான்காண்டுகளும், ‘உள்ளது நாற்பது’ இயற்றப்பெற்று ஏறத்தாழ மூன்றாண்டுகளும் ஆகியிருந்தன. அவ்விரு நூல்களும் எழக் காரணராயிருந்த புலவர் முருகனார் 1923ஆம் ஆண்டு முதலே ரமணரிடம் ஈடுபட்டிருந்தார். பெருங்கோயில் கொண்ட ஒரு நகரின் புறத்தே, பாராயணமும் பதிப்பும் செய்யுள் திருத்தமும் நிகழ்ந்துகொண்டிருந்த ஓர் இலக்கியக் களமாகவே அவ்விடம் இருந்தது. தமிழறியாத ஒருவர்க்கு அது கானகமாகவும் அமைதியாகவும் தோன்றியது. பிரண்டன் பொய் கூறினாரல்லர். தம் செவிக்கு எட்டியவற்றையே எழுதினார். ஆனால் அவர் எழுத்தின் செல்வாக்கால், ரமணர் ‘பேசாத முனிவர்’ என்னும் படிமம் உலகெங்கும் நிலைபெற்றது.

இப்படிமம் புனைகதையிலும் புகுந்தது. ஆங்கில நாவலாசிரியர் சாமர்செட் மாம் 1938இல் ஆசிரமத்திற்கு வந்தார். வந்தவர் மயங்கி விழவே, சாட்விக்கின் அறையில் கிடத்தப்பட்டார். ரமணர் அங்கே வந்து அவரருகில் அமர்ந்திருந்தார். அச்சிறுபொழுதின் அனுபவம் ‘த ரேசர்ஸ் எட்ஜ்’ (1944) நாவலில் கதைமாந்தன் ஒருவன் குருவிடம் தங்கிப் பயிலும் நெடுங்கால வாழ்வாக விரிந்தது. நாவலில் ஆசிரமம் திருவிதாங்கூருக்கு இடம்பெயர்ந்துவிடுகிறது. திருவண்ணாமலையும் அருணாசல மரபும் தமிழும் அங்கே இல்லை. ஊரை நீக்கினும் குரு எஞ்சுவார் என்னும் கருத்தே இவ்விடமாற்றத்தின் அடிப்படை எனலாம்.

குடியிருந்தோர் கண்ட ஆசிரமம்

பிரண்டனின் நூலைப் படித்தே திருவண்ணாமலைக்கு வந்தவர் சாட்விக். அவர் 1935 நவம்பர் முதல் நாள் வந்து சேர்ந்தார். ஆசிரம எல்லைக்குள் தமக்கெனக் குடில் அமைத்துக்கொண்டார். ‘சாது அருணாசலா’ எனப் பெயர் பெற்றார். 1962இல் மறையும் வரை அங்கேயே வாழ்ந்தார். இராணுவ அலுவலராயிருந்த அவர் எழுத்தில் அலங்காரம் குறைவு. நாள்வழக்கம், உணவு, வருவோர் போவோர், நிருவாகத்தின் கண்டிப்பு, கூடத்தில் அமரும் முறை ஆகியவை அவர் நூலில் இடம்பெறுகின்றன. கானகத்து யோகி என்னும் படிமம் மறைந்து, காலந்தவறாமை பேணியவரும் நகைச்சுவை மிக்கவரும் அனைவர்க்கும் அணுகுதற்கு எளியவருமான ஒருவர் தோன்றுகிறார்.

ஈராக்கில் பிறந்த யூதரான கோஹன் 1936இல் வந்து, ஆசிரமத்தை அடுத்த பாலாக்கொத்தில் குடிலமைத்துத் தங்கினார். அவர் நூலின் நாட்குறிப்புப் பகுதி ரமணரின் இறுதிக் காலத்தைப் பதிவு செய்கிறது. இடக்கையில் தோன்றிய கட்டியும், அடுத்தடுத்த அறுவை மருத்துவங்களும், 1950 ஏப்ரல் 14ஆம் நாள் நிகழ்ந்த மறைவும் அப்பகுதியின் பொருளாகும். தாம் நேசித்த குரு நோயுற்றிருக்க, ஒவ்வொரு நாளும் கண்டதை மட்டுமே எழுதும் அடக்கம் அப்பகுதிக்கு நம்பகத்தன்மையை அளிக்கிறது.

ஆஸ்பார்னின் நிலை சற்று வேறானது. பாங்காக்கில் ஆசிரியராயிருந்த அவர், தம் மனைவியும் மூன்று குழந்தைகளும் திருவண்ணாமலையில் தங்கியிருந்த காலத்தில், சப்பானியரின் போர்க்காலச் சிறைமுகாமில் அடைபட்டிருந்தார். 1945இல் விடுதலை பெற்ற பின்னரே ரமணரை நேரிற் கண்டார். ஆசிரமம் அவர்க்குத் துறவிடமாக மட்டுமன்றிக் குடும்பம் வாழும் ஊராகவும் அமைந்தது. அக்காலத்தில் பெண்கள் இரவில் ஆசிரமத்துள் தங்குவதில்லை. எனவே குடும்பத்துடன் வந்தோர் ஊர்ப்புறத்தே வீடு கொண்டனர். இவ்வாறு அயல்நாட்டார் வாழ்வு ஆசிரமச் சுவரைக் கடந்து ஊரோடு கலந்தது. 1964இல் ஆஸ்பார்ன் தொடங்கிய ‘த மவுண்டன் பாத்’ இதழ் இக்கலப்பின் விளைவே எனலாம்.

ஆசிரமத்தின் சமூக முரண்களையும் இவ்விடத்தே கருதவேண்டும். உணவுக்கூடத்தில் பிராமணர்க்கும் ஏனையோர்க்கும் தனித்தனி வரிசைகள் இருந்தன. இரு சாராரும் காணும் இடத்தில் ரமணர் அமர்ந்து உண்டார். எல்லா வேறுபாடுகளும் மனத்தின் கற்பனை என்னும் போதனையும், நாள்தோறும் கண்ட இவ்வரிசைப் பிரிவும் ஒரே கூரையின்கீழ் இருந்தன. அயலார் எழுத்து பெரும்பாலும் இம்முரணை ஊர்வழக்கம் எனக் கொண்டு கடந்துவிடுகிறது. குருவின் பெருமையைக் கூறும் நோக்கம் சமூக ஆவணமாகும் வாய்ப்பைக் குறைத்துவிட்டது. வாழ்வு நூல்களின் குறைகளுள் இது முதன்மையானது.

மௌனம் பற்றிய மறுபார்வை

ரமணர் மௌனத்தையே உயர்ந்த உபதேசமாகக் கருதினார் என்பதில் ஐயமில்லை. கல்லால மரத்தின்கீழ்ச் சொல்லாமற் சொன்ன தட்சிணாமூர்த்தி மரபை அவரே எடுத்துக்காட்டினார். தாயுமானவர்க்குக் குருவானவர் மௌன குரு எனப்படுகிறார். ‘சும்மா இருத்தல்’ தமிழ்ச் சைவத்தின் உயர்நிலைகளுள் ஒன்று. எனவே, மௌனத்தைக் கண்டு வியந்த அயலார் தவறாகக் கண்டனர் எனல் பொருந்தாது.

ஆனால் இம்மரபில் மௌனம் சொல்லின்மையன்று. சொல் தன் பணியை முடித்தபின் எய்தும் நிலை. மௌன குருவைப் போற்றிய தாயுமானவரே நூற்றுக்கணக்கில் பாடினார். ரமணரும் அவ்வாறே. அவர் ‘பெரியபுராணம்’ படித்து உருகியதும், ‘கைவல்லிய நவநீதம்’, ‘ஒழிவிலொடுக்கம்’ முதலிய நூல்களை எடுத்துரைத்ததும், அடியார் கதைகளை நடித்துக் காட்டுவதுபோல் சொன்னதும் உடனிருந்தோரின் பதிவுகளால் அறியப்படுகின்றன. மொழியறியாதவரும் அக்கதைகளில் ஈடுபட்டுச் சுவைத்ததை ஆஸ்பார்ன் குறிப்பிடுகிறார். அவ்வாறாயின், அயலார் உணர்ந்த மௌனத்தில் இரு கூறுகள் உண்டு. ஒன்று குருவின் மௌனம். மற்றொன்று கேட்போரின் மொழியறியாமை தந்த மௌனம். வருகை நூல்கள் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டவில்லை.

மதுரையில் மிஷன் பள்ளியில் பயின்றவராதலின் ரமணர் ஆங்கிலம் அறிந்திருந்தார், படிக்கவும் செய்தார். எனினும், விடைகளைப் பெரும்பாலும் தமிழிலும் தெலுங்கிலும் மலையாளத்திலுமே கூறினார், அருகிலிருந்தோர் மொழிபெயர்த்தனர். 1935 முதல் 1939 வரை முனகால வேங்கடராமையா எழுதிய குறிப்புகள் 1955இல் ‘டாக்ஸ்’ என்னும் பெயரில் நூலாயின. அவை ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டன. ஆகவே அந்நூலில் ஆங்கிலேயரின் வினா மூலமொழியில் நிற்கிறது. தமிழில் கூறப்பட்ட விடையோ மொழிபெயர்ப்பில் மட்டுமே நிற்கிறது. பின்னர்த் தமிழில் வந்த வடிவமும் ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கப்பட்டதே. தமிழ்க் குரு ஒருவரின் பேச்சைத் தமிழர் ஆங்கிலத்தின் வழியாகப் பெறும் இந்நிலை தமிழாய்வாளர் நின்று கருதவேண்டிய ஒன்றாகும்.

முருகனாரின் ‘குருவாசகக் கோவை’ இதற்கு மாற்றாக அமைகிறது. வாய்மொழியாகக் கேட்டவற்றை முருகனார் தமிழ்ச் செய்யுளாக்கினார். ரமணர் அவற்றைப் பார்வையிட்டுத் திருத்தினார். தாமும் சில வெண்பாக்களைச் சேர்த்தார். 1939இல் இந்நூல் வெளிவந்தது. உலகம் பெரிதும் படித்தது ஆங்கிலக் குறிப்புகளை. குருவே திருத்திய தமிழ்ப் பதிவோ பல்லாண்டுக் காலம் தமிழறிந்த சிலரிடமே தங்கியிருந்தது.

‘தான்’ என்னும் சொல்

மொழிபெயர்ப்பில் நேர்ந்தது எத்தகைய இழப்பு என்பதைச் சில சொற்களால் விளக்கலாம்.

ரமணரின் தமிழில் ‘நான்’, ‘தான்’ ஆகிய இரு பெயர்களும் இடையறாது வருவன. ‘தான்’ என்பது தமிழில் இயல்பான தற்சுட்டுப் பெயர். ஆங்கிலத்தில் இச்சொல்லைப் பெயர்த்தோர், அகந்தையைக் குறிக்கச் சிறிய எழுத்திலும், மெய்ப்பொருளைக் குறிக்கப் பெரிய எழுத்திலும் ஒரே சொல்லை எழுதினர். தமிழெழுத்தில் பெரியது, சிறியது என்னும் வேறுபாடு இல்லை. அதனால் ‘தான்’ என்பது ஒன்றாகவே நிற்கிறது. ஆங்கில எழுத்து முறையோ ஒரு மனிதர்க்குள் இரண்டு ‘தான்’ உண்டு என்னும் தோற்றத்தைத் தந்துவிடுகிறது. ‘உள்ளது நாற்பது’ 33ஆம் பாடல் இத்தோற்றத்தையே மறுப்பதாகும். ஒருவர் தம்மை அறிந்ததாகவோ அறியாததாகவோ கூறுவது நகைக்கத்தக்கது என்பதும், அறிவதற்கும் அறியப்படுவதற்கும் இரு ‘தான்’ இல்லை என்பதும் அதன் கருத்து. எனவே, பெரிய எழுத்து வெறும் அச்சு வழக்கமன்று. பாடல் மறுத்த கருத்தை மொழிபெயர்ப்பு மீண்டும் கொணர்ந்து நிறுத்துகிறது.

‘உள்ளது’ என்பதும் அத்தகையதே. ‘உள்’ என்னும் அடி இருத்தலையும் உட்புறத்தையும் நினைத்தலையும் ஒருங்கே தரவல்லது. உள்ளது, உள்ளம், உள்ளல் என்னும் மூன்றும் ஓசையாலும் அடியாலும் பிணைந்தவை. அந்நூலின் மங்கலப் பாடல் இப்பிணைப்பின் மீதே கட்டப்பட்டுள்ளது. இருப்பதும் இதயமும் நினைப்பும் வேறல்ல என்பதை அங்கே வாதம் நிறுவுவதில்லை, சொல்லே நிறுவுகிறது. ஆங்கிலத்தில் இவை ஒன்றோடொன்று தொடர்பற்ற மூன்று சொற்களாகின்றன. பொருள் எஞ்சினாலும் அது நிறுவப்பட்ட முறை எஞ்சவில்லை.

விரூபாட்சிக் குகைக் காலத்தில், அடியார்கள் பிச்சைக்குச் செல்லும்போது பாடுதற்கென எழுந்த ‘அருணாசல அட்சரமணமாலை’யின் 108 கண்ணிகளுள் பெரும்பாலானவை அகரவரிசையில் தொடங்குவன. எழுத்து மாலையே மணமாலையாவதும், ‘மணம்’ திருமணத்தையும் நறுமணத்தையும் சுட்டுவதும் தலைப்பிலேயே அமைந்துள்ளன. ‘உபதேச உந்தியார்’ மகளிர் விளையாட்டுப் பாடலான உந்தியின் வடிவை மணிவாசகர் வழியில் ஏற்றது. இவற்றை ஆங்கிலச் செய்யுளாக்கிய சாட்விக்கின் உழைப்பு பாராட்டுக்குரியது. எனினும் அகரவரிசையும் விளையாட்டு வடிவும் பிறமொழியில் புகா. ஆகவே அயலார் பெற்றது போதனையின் சாரம். பெறாதது அப்போதனை பாட்டாக இயங்கிய முறை.

தமிழைச் சாதனையாகக் கொண்டோர்

ரமணரின் மறைவுக்குப் பின்னர் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. நேரிற் காண்பதற்குக் குரு இல்லை. எஞ்சியவை மலையும் நூல்களுமே. பின்வந்த அயலாருள் சிலர் நூல்களின் மொழியை நோக்கித் திரும்பினர். இங்கிலாந்திலிருந்து 1976இல் வந்த மைக்கேல் ஜேம்ஸ், முருகனாரின் படைப்புகளைப் பதிப்பித்துக் காத்த சாது ஓமிடம், அவர் 1985இல் மறையும் வரை பயின்றார். ரமணரின் தமிழைச் சொல் சொல்லாகக் கற்பதே அப்பயிற்சியின் பெரும்பகுதி. ஜேம்ஸ் தம் பிற்கால எழுத்துகளில் பெரிய எழுத்து வழக்கைக் கைவிட்டு, ‘தான்’ என்பதற்கு ‘நாமே’ எனப் பொருள்தரும் இயல்பான தற்சுட்டுப் பெயரையே ஆள்கிறார். இது இலக்கண அறிவால் விளைந்த மெய்யியல் திருத்தம் எனின் மிகையாகாது.

டி.வி. வேங்கடசுப்பிரமணியன், ராபர்ட் பட்லர், டேவிட் காட்மன் ஆகிய மூவரும் கூடிச் செய்த முருகனார் மொழிபெயர்ப்புகள் மற்றொரு முயற்சியாகும். ‘பாதமாலை’ 2004இலும், ‘குருவாசகக் கோவை’ 2008இலும் ஆங்கிலத்தில் வெளிவந்தன. தமிழர் ஒருவரும் அயலார் இருவரும் ஒன்றியிருந்து செய்யும் இம்முறை, கூடத்தில் மொழிபெயர்ப்பாளரை நடுவில் நிறுத்திக் கேட்ட பழைய முறையினின்று வேறுபட்டது. இங்கே செய்யுளே குருவின் இடத்தில் உள்ளது. மூவரும் அதன்முன் மாணவராகின்றனர்.

இவ்விடத்தில் ஓர் ஒப்பீடு பொருந்தும். தமிழ் பயின்ற ஐரோப்பியர் என்றதும் வீரமாமுனிவரும் போப்பும் நினைவுக்கு வருவர். அவர்தம் தொண்டு அளப்பரியது. எனினும், அவர்கள் தம் சமயத்தைக் கற்பிக்க வந்து, அதன்பொருட்டுத் தமிழைக் கற்றவர்கள். திருவண்ணாமலையில் தமிழ் பயின்றோர் தாம் கற்க வேண்டியது தமிழில் இருப்பதால் தமிழைக் கற்றவர்கள். தமிழைக் கருவியாகக் கொள்வதற்கும் உபதேசத்தின் உடலாகக் கொள்வதற்கும் இடையிலுள்ள இவ்வேறுபாடு தமிழியல் வரலாற்றில் தனித்துப் பேசப்பட வேண்டியதாகும்.

இம்முயற்சிகளுக்கும் வரம்புண்டு. இவை ஒற்றைக் குருவின் நூல்களையே சுற்றி நிற்கின்றன. அவற்றைச் சூழ்ந்த தமிழ்ச் சைவ, வேதாந்த இலக்கியப் பரப்பைத் துணைச்சான்றாக மட்டுமே தொடுகின்றன. பற்றுமிக்க மாணவர் எழுத்தாதலின் மூலத்தின் யாப்புக் குறைகளையோ, முருகனார் செய்யுளின் கடுமையையோ, பதிப்புச் சிக்கல்களையோ திறனாய்வு நோக்கில் விவாதிப்பது அரிது. அப்பணி பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளுக்கு உரியது.

முடிவுரை

ரமணாசிரமத்தில் பயின்ற அயலாரின் எழுத்துகளை வருகை, வாழ்வு, மொழி என மூன்று நிலைகளில் காணமுடிகிறது. வருகை நூல்கள் குருவைக் கண்டன, ஊரைக் கானகமாக்கின. வாழ்வு நூல்கள் ஊரையும் நாளையும் கண்டன. தமிழை மொழிபெயர்ப்பாளரிடம் விட்டன. மொழிநிலையினர் தமிழுக்குள் நுழைந்து, முன்னையோர் மௌனம் என்று எண்ணியதன் ஒரு பகுதி தாம் கேட்கத் தவறிய பேச்சு என்பதை வெளிக்கொணர்ந்தனர்.

இவற்றால் பெறப்படும் படிப்பினை அயலார்க்கு மட்டும் உரியதன்று. ‘பேசாத முனிவர்’ என்னும் படிமத்தைத் தமிழ் இலக்கிய வரலாறும் ஒருவகையில் ஏற்றுக்கொண்டது. இருபதாம் நூற்றாண்டுச் செய்யுள் இலக்கியத்தைப் பேசும்போது ‘உள்ளது நாற்பது’, ‘அட்சரமணமாலை’, ‘குருவாசகக் கோவை’ ஆகியன சமயப் பகுதிக்குள் ஒதுக்கப்படுகின்றன. அவற்றின் சொல்லாட்சியும் யாப்பும் வடிவப் புதுமையும் போதிய அளவில் ஆராயப்படவில்லை. இங்கிலாந்திலிருந்து வந்தவர் ‘தான்’ என்னும் ஒரு சொல்லின் பொருட்டுப் பல்லாண்டு அமர்ந்து பயின்றிருக்க, அச்சொல்லை நாள்தோறும் வழங்குவோர் அதனை ஆராயாமல் விடுவது முறையன்று. அந்நூல்களைத் தமிழ் வகுப்பறைக்குக் கொணர்ந்து, இலக்கணமும் யாப்பும் அறிந்தோர் நோக்கில் பதிப்பித்து ஆராய்வதே அடுத்துச் செய்யத்தக்க பணியாகும்.